சாவி யாரிடம் இருந்தது? (கடிதமும் பதிலும்)

மதிப்பிற்குரிய ஐயா,

கோலாலம்பூரில் முதுகலை படித்து வருகிறேன். 2021 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடா வட்டாரத்தில் நம்மவர்களின் குடும்பங்களும் கோவில்களும் சங்கங்களும் அந்தப் பேரிடரை எப்படி எதிர்கொண்டன என்பதே என் ஆய்வு. 60 வினாக்கள் கொண்ட படிவத்தை வீடு வீடாகக் கொடுத்து நிரப்பி வாங்கினேன். சுற்றுச்சூழல் விழிப்புணர்வு மிகக் குறைவு என்பதும், எந்த அமைப்பிடமும் பேரிடர்த் திட்டம் இல்லை என்பதுமே முடிவாக வருகின்றன. மேற்பார்வையாளர் இன்னும் அதிகப் படிவங்கள் வேண்டும் என்கிறார். நம் மக்களிடம் விழிப்புணர்வை வளர்க்க எழுத்தாளர்கள் என்ன செய்யலாம்? ஆய்வைத் தமிழில் எழுதவில்லையே என்ற குற்றவுணர்வும் இருக்கிறது.

– ஒரு வாசகி

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் கடிதம் வந்த வாரம் முழுக்கப் பினாங்கில் மழை. இரண்டு மணி நேரம் தொடர்ந்து பெய்தாலே எங்கள் தெருவில் எல்லோரும் வாசலுக்கு வந்து கால்வாயை எட்டிப் பார்ப்பார்கள்; பார்த்துவிட்டு 2017 நவம்பர் 4ஆம் தேதி வெள்ளத்தைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் வழக்கத்துக்கு மாறாக உடனே பதில் எழுதுகிறேன்.

மொழியைப் பற்றிய குற்றவுணர்வை விட்டுவிடுங்கள். பல்கலைக்கழகம் கேட்கும் மொழியில் எழுதிக் கொடுத்துவிட்டு, நான்கு பக்கச் சுருக்கமொன்றைத் தமிழிலும் மலாயிலும் அந்தத் தாமான் குடியிருப்புக்கே எடுத்துச் சென்று வாசித்துக் காட்டுங்கள். படிவங்களின் எண்ணிக்கை உங்களுக்கும் மேற்பார்வையாளருக்கும் இடையிலான விவகாரம். எழுத்தாளர்கள் என்ன செய்யலாம் என்பதற்கு என்னிடம் விடை இல்லை. இருந்திருந்தாலும் அதை உங்கள் ஆய்வின் இறுதி இயலில் சேர்க்க விட்டிருக்கமாட்டேன்.

எனக்குக் கோபம் வந்தது ‘விழிப்புணர்வு’ என்ற சொல்லைப் பார்த்துத்தான். ‘சுற்றுச்சூழலைப் பாதுகாப்பது எனக்கு முக்கியம்’ என்று ஒரு வாக்கியத்தை எழுதி, அதற்கு எதிரே 1 முதல் 5 வரை கட்டம் போட்டு வட்டமிடச் சொல்லியிருப்பீர்கள். அமெரிக்க உளவியலாளர் ரென்சிஸ் லைகர்ட் 1932இல் வகுத்துக் கொடுத்த முறை அது. முறையின் மேல் எனக்குப் பகை இல்லை. ஆனால் குளிர்பதனப் பெட்டி மிதந்து போனதைக் கண்ணால் பார்த்த ஒரு பாட்டி, படித்த பிள்ளை வெயிலில் வந்து நிற்கிறதே என்று நாற்காலி போட்டுக் கொடுத்து, யாருக்கும் மனம் நோகாதிருக்க நடுவிலுள்ள 3ஐ வட்டமிட்டிருப்பார். அவருடைய பண்பை அளந்து எடுத்துக்கொண்டு வந்து, அதற்கு விழிப்புணர்வுக் குறைவு என்று பெயர் வைக்கிறீர்களே, இது நியாயமா அம்மா?

2017 நவம்பர் 4 சனிக்கிழமை. பகலில் பிடித்த மழை இரவிலும் விடவில்லை. அந்த வெள்ளத்தில் மாநிலத்தில் 7 பேர் இறந்தார்கள். சுங்கை பினாங் ஆற்றுக்குப் பக்கத்திலிருந்த எங்கள் வீட்டில் நள்ளிரவுக்குள் தண்ணீர் கட்டிலின் சட்டத்தைத் தொட்டுவிட்டது. தெருக்கோடியிலிருந்த கோவில் மண்டபம் மட்டும் நான்கு படி உயரம். எல்லோரும் அங்கே ஏறினோம். சமையல் பொருள்கள் வைக்கும் உக்கிராண அறை பூட்டியிருந்தது. சாவி சமையற்காரரிடம் இருந்திருக்க வேண்டும். அவரோ பட்டர்வொர்த்தில் மாட்டிக்கொண்டார். இரண்டு மணிவாக்கில் அவருடைய மனைவி, சாவிக்கொத்தை நெகிழிப் பையில் சுற்றிக் கழுத்தில் கட்டிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் சுவரைப் பிடித்தபடியே வந்து சேர்ந்தார்.

அதன்பின் நடந்ததை எந்த இலாகாவும் சொல்லித்தரவில்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைச் சாலையில் நாங்கள் ஆண்டுதோறும் போடும் தண்ணீர்ப் பந்தலுக்கென்று ஒரு குறிப்பேடு உண்டு. யார் வீட்டில் பெரிய எரிவாயு அடுப்பு இருக்கிறது, யாருடைய லோரி, எந்தக் கடைக்காரர் கடனுக்கு அரிசி தருவார், இரவு வேலை முடிந்து காலையில் கை கொடுக்கக்கூடிய இளைஞர்கள் யார் யார் என்று, பல ஆண்டுகளாகப் பல கையெழுத்துகளில் எழுதப்பட்ட ஏடு அது. கோவில் செயலாளர் அதைக் கைவிளக்கு வெளிச்சத்தில் புரட்டிப் புரட்டித் தொலைபேசியில் அழைத்தார். காலை ஏழு மணிக்குக் கஞ்சி தயார். மலாய்க்காரர், சீனர் என்று எல்லா வீட்டாரும் மண்டபத்தில் வரிசையில் நின்றார்கள்.

சில மாதங்களுக்குப் பிறகு ஆய்வுக்குழு ஒன்று படிவங்களோடு வந்தது. ‘உங்கள் அமைப்பிடம் எழுத்து வடிவிலான பேரிடர் மேலாண்மைத் திட்டம் உள்ளதா?’ செயலாளர் பொய் சொல்லத் தெரியாதவர். ‘இல்லை’ என்ற கட்டத்தில் குறியிட்டார். அந்தக் குறிப்பேடு அவர் தலைக்குமேலே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் அதைச் சொல்லத் தோன்றவில்லை, இன்றுவரை உறுத்துகிறது.

எலினார் ஆஸ்ட்ரம் அம்மையார் 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர் என்று உங்கள் பாடநூலில் இருக்கும். 1965இல் அவர் முடித்த முனைவர் ஆய்வு, லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியின் நிலத்தடி நீருக்குள் கடல்நீர் ஏறிவந்ததைப் பற்றியது. நிலத்தடி நீரின்மேல் உங்களுக்கு அக்கறை உண்டா என்று அவர் கேட்டுத் திரியவில்லை. நீர் இறைத்தவர்கள் எந்தச் சங்கத்தில் கூடினார்கள், எந்த வழக்கில் மோதிச் சமரசமானார்கள், இறைப்பைக் குறைக்க எப்படி ஒப்பந்தம் செய்தார்கள் என்று பார்த்தார்.

அதற்காக எங்கள் கோவிலை மெச்சி எழுதிவிடாதீர்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினத்து மீனவ ஊர்களை ஆராய்ந்த அமெரிக்க அரசியல் அறிஞர் டேனியல் ஆல்ட்ரிச், கட்டுக்கோப்பான ஊர்ப் பஞ்சாயத்து இருந்த இடங்களுக்கு உதவி விரைவாக வந்ததையும், அதே பஞ்சாயத்துகள் தலித்துகளையும் கைம்பெண்களையும் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியதையும் சேர்த்தே எழுதினார். எங்கள் குறிப்பேட்டிலும் ஒரு குறை உண்டு. கோவிலுக்குப் பின்னால் கடைவீட்டு மாடியில் ஓர் அறைக்குப் பத்துப் பேராகத் தங்கியிருந்த வங்காளதேசத் தொழிலாளர்களின் எண் ஒன்றுகூட அதில் இல்லை. அந்த வெள்ளத்துக்கு இரண்டு வாரங்களுக்கு முன்புதான், அக்டோபர் 21ஆம் தேதி, தஞ்சோங் பூங்கா கட்டுமானத் தளத்தில் மண் சரிந்து 11 தொழிலாளர்கள் புதைந்து மாண்டிருந்தார்கள், பெரும்பாலோர் வெளிநாட்டினர். அந்தச் செய்தியை வாசித்து வருந்தியவர்கள்தாம் நாங்கள். இருந்தும் மாடியிலிருந்தவர்கள் சாப்பிட வந்தது மறுநாள் நண்பகலில்தான். யாரும் அவர்களைக் கூப்பிட்டிருக்கவில்லை.

2021 வெள்ளத்தின் இழப்பைப் புள்ளிவிவரத் துறை 610 கோடி ரிங்கிட் என்று, வீடு, வாகனம், வணிகத் தளம், தொழிற்சாலை எனப் பிரித்துக் கணக்கிட்டுவிட்டது. அந்த வேலையை மறுபடி நீங்கள் செய்ய வேண்டாம். தாமான் ஸ்ரீ மூடாவில் கூரைமேல் காத்திருந்தவர்களைப் பொதுமக்கள் தங்கள் படகுகளில் ஏற்றிக்கொண்டு வந்தார்களே, அந்தப் படகு யாருடையது, அவருக்கு யார் தொலைபேசி செய்தது, எந்தத் தெருவுக்கு முதலில் போனது, எந்தத் தெருவுக்குப் போகவே இல்லை என்று மணி மணியாகக் கேளுங்கள். மூன்று குடும்பங்களிடம் இப்படிக் கேட்டு வந்தாலே உங்கள் இரண்டு முடிவுகளும் நிற்காது என்பது என் கணிப்பு. முதல் படிவங்களைக் கிழித்துப் போடாதீர்கள். ‘இல்லை’ என்று குறியிட்ட ஒவ்வோர் அமைப்பிடமும் ஆணியில் என்ன தொங்குகிறது என்று போய்ப் பாருங்கள்.

சாவி கொண்டுவந்த அக்காளை இன்றுவரை எந்த ஆய்வாளரும் பேட்டி காணவில்லை. கோவில் நிர்வாகத்தில் அவருக்குப் பொறுப்பு எதுவும் கிடையாது. அதனால் யாருடைய படிவமும் அவரிடம் போகவில்லை. இப்போது சுங்கை பட்டாணியில் மகள் வீட்டில் இருக்கிறார். பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்தால் மகிழ்வார். விடுமுறையில் பட்டர்வொர்த் வரை ரயிலில் வந்துவிடுங்கள். அங்கிருந்து நானே காரில் கூட்டிப்போகிறேன். அந்த 60 வினாக்களைக் கோலாலம்பூரிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.