பழத்தோலும் தண்ணீர்த் தோட்டமும்: கேட்டதும் சொன்னதும்

பர்மாவின் மோல்மேனில் வீட்டுப் பின்கட்டில், தகரக் கூரையடியில், பதினோரு வருஷமாக மண்ணில்லாமல் கீரை போடுகிறேன். படித்துக் கற்றவன் இல்லை, கெடுத்துக் கற்றவன். பழக்கழிவை உரமாக்கித் தண்ணீரில் காய்கறி வளர்ப்பது பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். ஆரம்பிக்கும் முன் ஒன்று: புளிக்கவைக்கும் எதையும் இறுக்கி மூடாதீர்கள். காரணம் பின்னால் வரும்.

ரங்கூனிலிருந்து: அண்ணே, நாலாவது மாடியில் குடியிருக்கிறோம். வாழைப்பழத் தோலை மூன்று நாள் ஊறவைத்து, வடிகட்டி, லெட்டூஸ் வாளியில் ஊற்றினேன். ஒரு வாரத்தில் நாற்றம் தாங்கவில்லை. வேர் பழுப்பாகிக் கொழகொழவென்று கையோடு வருகிறது. தோல் போதவில்லையா?

போதாமல் இல்லை தங்கச்சி, ஊற்றியதே கூடாது. இன்றைக்கு வரப்போகும் கேள்விகளில் பாதிக்கு இதுதான் பதில் என்பதால் விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

செடி தோலைத் தின்னாது. தோலில் இருக்கும் புரதத்தையும் வேர் நேராக எடுத்துக்கொள்வது சொற்பம். நைட்ரஜன் அதற்கு நைட்ரேட்டாகவோ அம்மோனியமாகவோ கிடைக்க வேண்டும். அதைச் செய்வது நுண்ணுயிர்கள். ஒரு கூட்டம் புரதத்தை உடைத்து அம்மோனியா ஆக்கும், இன்னொரு கூட்டம் அதை நைட்ரைட் ஆக்கும், மூன்றாவது கூட்டம் நைட்ரேட் ஆக்கும். மண்ணில் இந்த மூன்றும் ஏற்கனவே குடியிருக்கின்றன. அதனால்தான் பாட்டி வாழைத்தோலை முருங்கை மரத்தடியில் எறிந்தால் மரம் செழித்தது. உங்கள் வாளியில் யார் இருக்கிறார்கள்? யாரும் இல்லை.

யாரும் இல்லாத வாளியில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றினால் முதலில் வருவது சர்க்கரை தின்னும் பாக்டீரியா. அது பெருகும்போது தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைக் குடித்துவிடும். 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் வாளித் தண்ணீர் 30-க்குக் கீழே எங்கே இறங்குகிறது? இருக்கிற கொஞ்சத்தையும் அது குடித்துவிட, வேர் மூச்சு முட்டிச் சாகிறது. செத்த வேரில் பித்தியம் என்ற அழுகல் கிருமி ஏறுகிறது. நீங்கள் பார்த்த கொழகொழப்பு அதுதான்.

இப்போது செய்ய வேண்டியது: அந்தத் தண்ணீரை நாலு மடங்கு தண்ணீர் கலந்து மண் தொட்டிச் செடிகளுக்கு ஊற்றிவிடுங்கள். வாளியைக் கழுவிக் காயவையுங்கள். லெட்டூஸைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், அது போய்விட்டது.

பெகுவிலிருந்து: தோலை எத்தனை நாள் ஊறவைக்க வேண்டும்?

மேலே உள்ளதைப் படியுங்கள்.

தட்டோனிலிருந்து: மாமா, அப்படியென்றால் நுண்ணுயிரை வாளிக்குள் எப்படிக் குடியேற்றுவது? நான் கல்லூரியில் விலங்கியல் படிக்கிறேன், விவரமாகச் சொன்னால் புரியும்.

இப்படிக் கேட்டால் எனக்கும் உற்சாகம் வருகிறது. மண்ணில் நடப்பதைத் தண்ணீருக்குள் நடத்த முடியும் என்று ஜப்பானில் மகோடோ ஷினோஹரா குழுவினர் 2011-இல் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்தது மீன் உரம். மரப்பட்டை மக்கை நுண்ணுயிர் விதையாகப் போட்டு, காற்று ஊதிக்கொண்டே, உரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து நைட்ரேட்டை வரவழைத்தார்கள். நுண்ணுயிர் பெருகிய பிறகே செடி.

என் வீட்டு முறை அதன் ஏழை உறவுக்காரன். 20 லிட்டர் வாளி ஒன்று. வெங்காயம் வரும் வலைப்பையில் செங்கல் ஜல்லியும் உமிக்கரியும் நிரப்பி உள்ளே இறக்கிவிடுவேன். நுண்ணுயிர் ஒட்டிக்கொண்டு வாழ இடம் வேண்டும், வெறும் தண்ணீரில் அது தங்காது. நன்றாக மக்கிய எரு ஒரு கைப்பிடி, துணியில் கட்டி உள்ளே. மீன் தொட்டிக்கு வைக்கும் சின்ன ஏர் பம்ப், இரவு பகல் ஓட வேண்டும்.

இனிச் சாப்பாடு. பழத்தோலில் பொட்டாசியம் தாராளம், நைட்ரஜன் கஞ்சத்தனம். தோலை மட்டும் நம்பினால் கீரை வெளிறிப் போகும். அதற்குத்தான் கடலைப்புண்ணாக்கு. அதில் நைட்ரஜன் ஏறத்தாழ 7 சதம். நாளைக்கு ஒரு தேக்கரண்டி, 3 கிராம் என்று வையுங்கள், பத்து நாளில் 30 கிராம். அதில் 2 கிராம் நைட்ரஜன். 20 லிட்டரில் கரைந்தால் லிட்டருக்கு 100 மில்லிகிராம். முழுவதும் கைக்கு வராது, ஆனால் கீரைக்குக் கிட்டத்தட்டப் போதும். முதல் நாலு நாள் அரைத் தேக்கரண்டியோடு நிறுத்துங்கள். புளிக்கவைத்து வடித்த பழத்தோல் சாறு அதோடு நாளைக்கு இரண்டு தேக்கரண்டி. மொத்தமாகக் கொட்டினால் ரங்கூன் தங்கச்சி கதைதான்.

முதல் வாரம் நாறும். இரண்டாம் வாரம் சேற்று வாசனை. மூன்றாம் வாரம் மழை பெய்த மண் மாதிரி ஒரு வாசனை வரும், அதன்பிறகு நாற்றை வையுங்கள். மூக்கை நம்பாதவர்கள் மீன் தொட்டிக் கடையில் விற்கும் சோதனைப் பட்டையை வாங்கலாம்: அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி இறங்கி, நைட்ரேட் மட்டும் நிற்க வேண்டும். பட்டையில் நைட்ரைட்டின் நிறம் மறையும்வரை நாற்று வேண்டாம்.

பெகுவிலிருந்து, இன்னொருவர்: என் டிடிஎஸ் மீட்டர் 300 தான் காட்டுகிறது. இன்னும் சாறு ஊற்றலாமா?

ஊற்றாதீர்கள்! அந்த மீட்டர் பார்ப்பது மின்சாரம் கடத்தும் உப்பை. சர்க்கரையும் உடையாத புரதமும் மின்சாரம் கடத்தாது. தண்ணீர் பாயசமாக இருந்தாலும் மீட்டர் 'பற்றாது' என்றே சொல்லும். கடையில் இரண்டு பகுதியாக வாங்கும் ஏ-பி ரசாயன உரத்துக்கு அது நல்ல கருவி, பழச்சாற்றுக்குப் பொய்சாட்சி. தண்ணீரின் புளிப்பு, காரத்தைக் காட்டும் பிஹெச் பேப்பர் வாங்குங்கள், 5.5-க்கும் 6.5-க்கும் நடுவில் நிற்கட்டும்.

மோல்மேன், எங்கள் தெருவிலிருந்தே: டுரியான் சீசனில் ஓடு மலை மாதிரி குவிகிறது. மங்குஸ்தான் ஓடும்தான். ஏதாவது செய்யலாமா அண்ணே?

டுரியான் ஓட்டைக் காயவைத்து எரித்துச் சாம்பலாக்குங்கள், அதில் பொட்டாசியம் நிறைய. ஆனால் சாம்பல் கடும் காரம். அள்ளிப் போட்டால் பிஹெச் ஏறி, இரும்புச்சத்து கரையாமல் அடியில் உட்கார்ந்துவிடும், கொழுந்து இலை மஞ்சளாகும். நுண்ணுயிர் நைட்ரேட் செய்யும்போது தண்ணீர் தானாகவே புளிப்பாகிக்கொண்டு போகும். அந்தப் புளிப்பை முறிக்க, வாரம் ஒருமுறை ஒரு சிட்டிகைச் சாம்பலைக் கரைத்துத் தெளியவைத்த நீர் சரியாக இருக்கும். ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டுவது எனக்கு இதில் பிடித்த விஷயம். மங்குஸ்தான் ஓட்டில் துவர்ப்பு அதிகம், மக்க நாளாகும். மண் தொட்டிக்குப் போகட்டும்.

ரங்கூனிலிருந்து, ஒரு அக்கா: சர்க்கரை 1, பழத்தோல் 3, தண்ணீர் 10 பங்கு போட்டு மூன்று மாதம் வைக்கும் 'எக்கோ என்சைம்' எல்லாவற்றுக்கும் உரம் என்கிறார்களே?

அக்கா, அது பெரும்பாலும் காடி. தரை துடைக்கலாம், வாடை போகும். நைட்ரஜன் அதில் பேருக்குத்தான். தண்ணீர்த் தோட்டத்தில் பிஹெச் இறக்க ஒன்றிரண்டு சொட்டு விடலாம், அவ்வளவே.

மூடி விஷயம் இங்கேதான் சொல்ல வேண்டும். ஒரு வருஷம் அன்னாசித் தோலை வெல்லம் போட்டுக் கண்ணாடி பாட்டிலில் அடைத்துவிட்டுத் தண்ணீர்த் திருவிழாவுக்கு உறவினர் ஊருக்குப் போனேன். நாலு நாள் கழித்துக் கதவைத் திறந்தால் சமையலறைக் கூரையில் அன்னாசி, தரை முழுக்கக் கண்ணாடிச் சில்லு, அதன்மேல் எறும்பு ஊர்வலம். ஆள் பக்கத்தில் இருந்திருந்தால் கண் போயிருக்கும். பிளாஸ்டிக் பாட்டில், தளர்ந்த மூடி. அவ்வளவுதான் சட்டம்.

டௌங்ஜியிலிருந்து: ஐயா, நீங்கள் வாளி, பம்ப், ஜல்லி என்கிறீர்கள். எங்கள் பக்கத்தில் இன்லே ஏரியில் தண்ணீர்மேலேயே தக்காளி விளைகிறது. பம்பும் இல்லை, பழத்தோலும் இல்லை. அதுதானே உண்மையான ஹைட்ரோபோனிக்ஸ், மண்ணில்லா விவசாயம்?

இல்லை. அது ஹைட்ரோபோனிக்ஸ் இல்லை. மிதக்கும் மண்.

டௌங்ஜி: மண்ணே கிடையாது ஐயா. நான் படகில் போய்ப் பார்த்திருக்கிறேன். புல்மேடு, மூங்கில் கழி, கீழே தண்ணீர்.

நானும் பார்த்திருக்கிறேன் தம்பி. அந்தப் புல்மேட்டின் மேல் ஏரியில் வாழும் 'இந்தா' இன மக்கள் எதை அள்ளிப் போடுகிறார்கள்? ஏரி அடியிலிருந்து பாசியும் சேறும். மேடே கோரையும் களையும் பின்னி, அழுகி, மக்கிய மெத்தை. மூங்கில் கழி அது மிதந்து ஓடாமல் இருக்க. தக்காளி வேர் முதலில் நிற்பது அந்த மக்கில்.

மாந்தலேயிலிருந்து ஒருவர்: வேர் கீழே தண்ணீரைத் தொடுகிறதே. தொட்டால் ஹைட்ரோபோனிக்ஸ்தான்.

நெல் வேரும் தண்ணீரில்தான் நிற்கிறது. வயலை ஹைட்ரோபோனிக்ஸ் என்பீர்களா?

டௌங்ஜி: பேரில் என்ன இருக்கிறது ஐயா? ஏரித் தண்ணீரே உரம், அதுதான் நான் சொல்ல வந்தது.

பேரில் நிறைய இருக்கிறது. ஏரித் தண்ணீரே உரமென்றால் அங்கே ரசாயன உரமும் பூச்சிமருந்தும் மூட்டை மூட்டையாகப் படகேறுவது எதற்கு? அது ஏரியைக் கெடுக்கிறது என்று வருஷக்கணக்காகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, உங்கள் பக்கம் இருக்கும் நியாயத்தையும் சொல்கிறேன். அந்த மெத்தை செய்யும் வேலையைத்தான் என் வலைப்பை ஜல்லி செய்கிறது. ஒட்டிக்கொள்ள இடம், மேலே காற்று, கீழே ஈரம். நுண்ணுயிருக்கு இதைவிட நல்ல வீடு கிடையாது. இந்தா விவசாயி அழுகும் களையைத் தண்ணீருக்குள் கொட்டாமல் தண்ணீருக்கு மேல் மெத்தையாகப் போட்டார். பழத்தோலோடு மல்லுக்கட்டும் நாம் அவரிடம் படிக்க வேண்டிய பாடம் அந்த இடைவெளி. ஏரி அவ்வளவு தண்ணீரையும் காற்றையும் இலவசமாகக் கொடுக்கிறது, என் வாளி கொடுக்காது. அதனால்தான் பம்ப்.

மாந்தலே: அப்போது பாதி ஹைட்ரோபோனிக்ஸ் என்று ஒப்புக்கொள்கிறீர்கள்.

கால்வாசி. இத்தோடு விடுங்கள்.

தட்டோனிலிருந்து, வேறொருவர்: இன்லே தக்காளி விதை எங்கே கிடைக்கும்?

டௌங்ஜி தம்பியைக் கேளுங்கள். என்னால்தான் கூட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது.

பெகுவிலிருந்து: மின்சாரம் நாளுக்கு நாலு மணி நேரம்தான் வருகிறது. பம்ப் ஓடாதே?

பழத்தோல் முறைக்கு அது பெரிய இடி. காற்று நின்ற சில மணி நேரத்தில் வாளி நாற ஆரம்பிக்கும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பழத்தோலை மறந்துவிட்டு ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி சொன்ன முறைக்குப் போங்கள்: மூடிய பெட்டி, கடை உரம் கலந்த தண்ணீர், பம்ப் இல்லை. செடி குடிக்கக் குடிக்கத் தண்ணீர் இறங்கும், மேலே விடும் இடைவெளியில் வேர் காற்று வாங்கும். கீரைக்கு அருமையான முறை. அதில் பழச்சாறு ஒரு சொட்டும் விடாதீர்கள்.

ரங்கூன்: ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல்?

கொஞ்சம். தோல் எண்ணெய் நுண்ணுயிரை மந்தப்படுத்தும்.

மோல்மேன்: ஙப்பி (உப்பிட்டுப் புளித்த மீன் விழுது) கழுவிய தண்ணீரில் மீன் சத்து இருக்கிறதே, ஊற்றலாமா?

கூடாது. உப்பு. மண் தொட்டிக்கும் கூடாது.

தட்டோன்: ஒரு தடவைக்கு எத்தனை வீசை தோல் வேண்டும்?

வீசையா? 20 லிட்டர் வாளிக்கு மாதம் முழுவதற்கும் கால் வீசைத் தோல் தாராளம். நம் பர்மா வீசையைச் சொல்கிறேன், 1.6 கிலோ. தமிழ்நாட்டில் தாத்தா காலத்து வீசை 1.4 தான்.

ரங்கூன்: ரோஜாவில் கரும்புள்ளி வருகிறது.

ரோஜா எனக்குத் தெரியாது. நாற்றுப்பண்ணைக்காரரிடம் இலையோடு போங்கள்.

பெகு: இதில் தக்காளி, மிளகாய் வருமா? கீரையில் எது நல்லது?

புளிச்சக்கீரையும் தண்ணீர்க் கீரையும் நன்றாக வரும், பொறுத்துக்கொள்ளும் குணம். தக்காளி காய்க்கும்போது கால்சியம் கேட்கும், பழத்தோலில் அது குறைவு. முட்டை ஓட்டைக் காடியில் கரைத்துக் கொடுத்துப் பார்த்தேன், பாதிக் காய் அடியில் கறுத்தது. தக்காளிக்கு நான் கடை உரம்தான் போடுகிறேன், இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வாழைத்தண்டையும் உரமாக்கலாமா என்று போன வாரம் ஒருவர் கேட்டார். தண்டு மொஹிங்கா மீன் குழம்புக்குப் போகட்டும், பாவம்.

மாந்தலே: வாழைத்தோலை எத்தனை நாள் ஊறவைக்க வேண்டும்?

நீங்களுமா! ஊறவைத்த தண்ணீரை நேராக ஊற்றாதீர்கள். ஒரு நாளும் வேண்டாம், பத்து நாளும் வேண்டாம்.

தட்டோன், விலங்கியல் மாணவி: மாமா, ஒன்று மட்டும். பட்டையில் நைட்ரைட் மூன்று நாளாக இறங்கவே இல்லை. செத்துவிட்டதா?

சாகவில்லை. நைட்ரைட் தின்னும் கூட்டம் மெதுவாகத்தான் பெருகும். இரண்டு நாள் புண்ணாக்கை நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் விடு. பிஹெச் 6-க்குக் கீழே போயிருந்தால் சாம்பல் நீர் நாலு சொட்டு. வாளியை மூடியிருந்தால் மூடியைத் தளர்த்து. வெள்ளிக்கிழமை என்ன நிறம் காட்டுகிறது என்று எழுது. இங்கே இப்போதுதான் மின்சாரம் வந்திருக்கிறது, நான் பம்பைப் போடப் போகிறேன்.