லித்தாய்டு இனத்தின் மெதுவான தொடக்கம் குறித்து

விண்வெளிப் பேரரசை வளர்க்கும் கணினி விளையாட்டான ஸ்டெல்லாரிஸில், கல்லுடல் கொண்ட லித்தாய்டு இனத்தோடு ஆடும்போது ஆட்டக் காலக்கணக்கின் 2230ஆம் ஆண்டிலேயே அண்டைப் பேரரசுகளைவிடப் பின்தங்கிவிடுவதாக எழுதியிருந்தீர்கள். இந்த இனத்தின் மக்கள்தொகை வளர்ச்சி 25 சதவீதம் குறைவு என்பதால், தாய்க்கோளை மட்டும் நம்பியிருந்தால் அந்தப் பின்னடைவு தீராது. ஆனால் வாழ்தகவு, அதாவது ஒரு கோள் அந்த இனம் வாழ எவ்வளவு ஏற்றது என்னும் அளவு, 50 சதவீதம் கூடுதலாக இருப்பதால், மற்றவர்கள் ஒதுக்கிவிடும் கோள்களிலும் நீங்கள் தயங்காமல் குடியேறலாம், ஒவ்வொரு குடியேற்றமும் தனித்தனியே மக்களைப் பெருக்கும். ஆகவே தொடக்க ஆண்டுகளில் கிடைக்கும் உலோகக்கலவையைப் போர்க்கப்பல்களில் கரைக்காமல் குடியேற்றக் கப்பல்களுக்கே ஒதுக்குங்கள். நான் பெரிதும் வலியுறுத்த விரும்புவது கனிமத்தைப் பற்றித்தான்: லித்தாய்டுகள் உணவுக்குப் பதிலாகக் கனிமத்தையே உண்பதால், கட்டுமானமும் மக்களின் வயிறும் ஒரே கையிருப்பைப் பங்கிட்டுக்கொள்கின்றன, மாத வரவு சரியத் தொடங்குவதற்கு முன்பே சுரங்க நிலையங்களை அமைத்துவிடுங்கள். பேரரசுக்குப் படிப்படியாகச் சலுகைகள் தரும் மரபுகளில் (Traditions) விரிவாக்கத்தை (Expansion) முதலில் எடுப்பது நல்லது.