சி மொழியில் ஏ[பி[ஐ] + 1] என்று இருந்தால் மிப்ஸ் செயலியின் அசெம்பிளியில் எப்படி எழுதுவது?

கேட்டவரின் சிக்கல் இதுதான்: எக்ஸ் = ஏ[பி[ஐ] + 1] என்ற வரியை மிப்ஸ் அசெம்பிளிக்கு மாற்றும்போது எங்கே 4ஆல் பெருக்குவது, எங்கே விடுவது என்று பிடிபடவில்லை.

திருகோணமலை வளாகத்தில் கணினி படிக்கும் பிள்ளைகள் சிலர் மாலையில் என்னிடம் வருவார்கள். அவர்களும் சரியாக இந்த இடத்தில்தான் நிற்பார்கள். கட்டளைகள் எல்லாம் தெரியும். ஆனால் ரெஜிஸ்டரில் (செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) இப்போது இருப்பது முகவரியா பெறுமதியா என்பது கைநழுவிப் போய்விடும்.

ஐ $எஸ்0இல், ஏ, பி அணிகளின் தொடக்க முகவரிகள் $எஸ்1, $எஸ்2இல், எக்ஸ் $எஸ்3இல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் இன்ட், அதாவது முழு எண் அணிகள். $டி0 இடைக் கணக்குக்கான ரெஜிஸ்டர். எஸ்எல்எல் பிட்களை இடப்பக்கம் நகர்த்தும், ஆட் கூட்டும், எல்டபிள்யூ நினைவகத்திலிருந்து பெறுமதியை வாசித்து ரெஜிஸ்டரில் வைக்கும். உள் அடைப்பிலிருந்து தொடங்குங்கள்.

எஸ்எல்எல் $டி0, $எஸ்0, 2
ஆட் $டி0, $எஸ்2, $டி0
எல்டபிள்யூ $டி0, 0($டி0)
எஸ்எல்எல் $டி0, $டி0, 2
ஆட் $டி0, $எஸ்1, $டி0
எல்டபிள்யூ $எஸ்3, 4($டி0)

மூன்றாவது வரியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அதற்கு முன் $டி0இல் இருந்தது முகவரி. அந்த வரி ஓடியதும் அதே $டி0இல் பி[ஐ]யின் பெறுமதி வந்துவிடுகிறது. அந்தப் பெறுமதிதான் ஏ-க்குச் சுட்டி (இன்டெக்ஸ்), +1ஐக் கடைசியில் பார்ப்போம். அதனால்தான் மறுபடியும் 2 பிட் இடப்பக்கம் நகர்த்துகிறோம், அதாவது 4ஆல் பெருக்குகிறோம். நினைவகம் பைட் கணக்கில் எண்ணப்படுகிறது, ஒரு இன்ட்டுக்கு 4 பைட். சி-யில் இதைக் கம்பைலர் சத்தமில்லாமல் செய்துவிடும், இங்கே நாம்தான் செய்ய வேண்டும். எல்டபிள்யூவின் ஆஃப்செட்டில் (அடைப்புக்கு முன்னால் வரும், முகவரியோடு கூட்டப்படும் எண்) மாறிலி மட்டுமே போடலாம், ரெஜிஸ்டர் போட முடியாது. அதனால் ஆட் இல்லாமல் முடியாது.

அப்புறம் அந்த +1. அதற்குத் தனிக் கட்டளை தேவையில்லை, கடைசி வரியில் 4 என்ற ஆஃப்செட்டாகப் போய்விட்டது. அங்கே 1 என்று எழுதினால் முகவரி 4இன் மடங்காக இருக்காது, மிப்ஸ் நிரலை ஓட்டிப் பார்க்கும் மார்ஸ் சிமுலேட்டர் பிழை காட்டி நின்றுவிடும்.

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'முகவரி' அல்லது 'பெறுமதி' என்று கமென்ட் எழுதுங்கள். என் பிள்ளைகளிடம் நான் விடாமல் கேட்பது இதைத்தான்.

இரண்டும் சார் (char, ஒரு எழுத்துக்கு ஒரு பைட்) அணி என்றால் எஸ்எல்எல் வேண்டாம், எல்டபிள்யூவுக்குப் பதில் ஒரு பைட்டை வாசிக்கும் எல்பி போதும், கடைசி ஆஃப்செட்டும் 4க்குப் பதில் 1 ஆகும். ஏ[பி[ஐ] + 1] = எக்ஸ் என்று திருப்பிக் கேட்டால் கடைசி வரி மட்டும் எஸ்டபிள்யூ (நினைவகத்தில் எழுதும் கட்டளை) ஆகும். பி-யை வாசிப்பது அப்போதும் எல்டபிள்யூதான்.