அமிலம் விட்டும் அசையாத தண்ணீர்: பஃபர் கேள்வி பதில்

கேள்வி (பிளஸ் டூ மாணவி, ஆரம்பாக்கம்): சார், அமிலம் விட்டாலும் பஃபரின் பி.ஹெச். மாறாதாமே?

பதில்: மாறும்மா, ஆனால் கொஞ்சம்தான். அமிலமோ காரமோ கொஞ்சம் விட்டாலும் பி.ஹெச்., அதாவது அமில-கார அளவு, அதிகம் மாறாமல் தாங்கும் கரைசல்தான் பஃபர். 0.1 மோலார் அசிட்டிக் அமிலம் 50 மி.லி., அதே செறிவில் சோடியம் அசிட்டேட் 50 மி.லி. கலந்தால் பி.ஹெச். 4.76. இரண்டும் தலா 5 மில்லிமோல். இதில் 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 1 மி.லி. விடு. வந்த ஹைட்ரஜன் அயனியை அசிட்டேட் பிடித்துக்கொண்டு அசிட்டிக் அமிலமாகிவிடும். இப்போது அசிட்டேட் 4, அமிலம் 6. 4/6-இன் மடக்கை −0.18, அதை 4.76-உடன் கூட்டினால் பி.ஹெச். 4.58. அதே 1 மி.லி.யை 100 மி.லி. வாலைவடிநீரில் விட்டிருந்தால் 7-லிருந்து 2-க்கு விழுந்திருக்கும். 5 மி.லி. விட்டால் அசிட்டேட் கையிருப்பு காலி. அதற்குமேல் விழும் துளியைப் பிடிக்க ஆளில்லை.

கேள்வி: ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சாப்பாட்டு உப்பும் பஃபராகுமா?

பதில்: ஆகாது. குளோரைடு ஹைட்ரஜன் அயனியைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளாது. வீரியம் குறைந்த அமிலமும் அதன் உப்பும்தான் வேண்டும்.

கேள்வி (ஆய்வக உதவியாளர், சூளூர்பேட்டை): பி.ஹெச். மீட்டரைச் சரிபார்க்கும் பஃபர்களில் பி.ஹெச். 10 பஃபர் மட்டும் ஏன் சீக்கிரம் கெடுகிறது?

பதில்: காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி அதன் பி.ஹெச். இறங்கிவிடும். தேவையானதை மட்டும் சின்ன பீக்கரில் ஊற்றுங்கள். மிச்சத்தைத் திரும்பப் புட்டியில் ஊற்றாதீர்கள். எலக்ட்ரோடைத் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.

கேள்வி (இறால் குட்டை, தடா): குட்டைத் தண்ணீர் பி.ஹெச். காலையில் 7.6, மதியம் மூணு மணிக்கு 9. அல்கலினிட்டி (அமிலத்தைத் தாங்கும் காரத்தன்மை) 60 பி.பி.எம். சுண்ணாம்பு போடலாமாண்ணா?

பதில்: சுட்ட சுண்ணாம்பு இப்போது வேண்டாம் தம்பி. பி.ஹெச். இன்னும் ஏறும், ஏறினால் அம்மோனியாவின் விஷம் கூடி இறால் சுணங்கும். பகலில் பாசி கார்பன் டை ஆக்சைடை இழுப்பதால்தான் இந்த ஏற்றம். தண்ணீரில் பைகார்பனேட் போதுமான அளவு இருந்தால் ஊசலாட்டம் சுருங்கும். உங்கள் 60-க்கு அந்தத் தாங்கும் சக்தி இல்லை, 100 வேண்டும். ஒரு ஏக்கர், ஒரு மீட்டர் ஆழத்துக்கு 10 பி.பி.எம். ஏற்ற 68 கிலோ ஆப்ப சோடா (சோடியம் பைகார்பனேட்) பிடிக்கும். 40 ஏற்ற சுமார் 270 கிலோ. நான்கு நாளாகப் பிரித்துக் கரைத்து ஊற்றுங்கள். டோலமைட் என்னும் கல்தூள் மலிவுதான், ஆனால் 8.3-க்கு மேலுள்ள தண்ணீரில் கரையாமல் அடியில் உட்கார்ந்துவிடும்.

பாசியையும் கவனியுங்கள். வெள்ளைத் தட்டை இறக்கினால் 25 செ.மீ.க்குள்ளேயே மறைகிறதா? அப்படியானால் பாசி அதிகம். தீவனத்தைக் குறைக்காமல், கொஞ்சம் தண்ணீரும் மாற்றாமல் சோடா மட்டும் போட்டுப் பயனில்லை.