மாமியைப் பார்க்கும் மருமகளுக்கு பென்சன் சேருமா?

கேள்வி: ஜேர்மனியில் டோர்ட்முண்டில் இருக்கிறோம். எனக்கு 52 வயது. ஒரு கன்டீன் சமையலறையில் கிழமைக்கு 25 மணித்தியாலம் வேலை, வரிக்கு முன் மாதம் 1,800 யூரோ. மாமிக்கு 79. மறதி நோய் தொடங்கிவிட்டது, தனியே விட முடிவதில்லை. கணவருக்கு முழுநேர வேலை. என்னை வேலையை விட்டுவிட்டு மாமியைப் பார்க்கச் சொல்கிறார்கள். விட்டால் என் பென்சன் என்னாகும்? சுவிஸில் தன் மாமியாரைப் பார்க்கும் மச்சாள், அங்கே அதற்குப் பென்சனில் கணக்கு உண்டு என்கிறாள். இங்கேயும் உண்டா?

பதில்: உண்டு. ஆனால் அதற்காக நீங்கள் வேலையை விடத் தேவையில்லை. அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள்.

வீட்டில் ஒருவரைச் சம்பளமில்லாமல் பராமரிப்பவருக்கு, ஜேர்மனியின் பராமரிப்புக் காப்புறுதி அவருடைய பென்சன் கணக்கில் பணம் கட்டுகிறது. 1995இல் இந்தக் காப்புறுதி வந்த காலத்திலிருந்தே இந்த ஏற்பாடு இருக்கிறது. நிபந்தனைகள் அதிகமில்லை. மாமிக்கு 2 அல்லது அதற்கு மேற்பட்ட பராமரிப்புத் தரம் (எவ்வளவு உதவி தேவை என்பதற்கு 1 முதல் 5 வரை தருவது, கடிதங்களில் ஃப்ளேகேகிராட் என்று வரும்) கிடைத்திருக்க வேண்டும். நீங்கள் கிழமைக்குக் குறைந்தது 10 மணித்தியாலம், இரண்டு நாளுக்காவது பிரித்து, வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். உங்கள் சம்பள வேலை கிழமைக்கு 30 மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது. நீங்கள் செய்வது 25, ஆக அந்தப் பக்கம் பிரச்சினையில்லை. குளிக்க வார்ப்பது, உடுப்பு மாற்றுவது மட்டுமல்ல, மாமிக்குச் சமைப்பதும் துவைப்பதும் அவரோடு கூட இருந்து கவனிப்பதும் அந்த 10 மணித்தியாலத்தில் சேரும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். மாமிக்குத் தரம் 3 கிடைத்து, வெளியாள் உதவி இல்லாமல் பராமரிப்புப் பணத்தை மட்டும் எடுத்தால், அது மாதம் 599 யூரோ. அந்தப் பணம் சட்டப்படி மாமியுடையது. உங்களுக்குத் தருவதா என்பது அவர் விருப்பம், தந்தால் அதற்கு வரி இல்லை. இதற்கு மேலதிகமாக, 2025ஆம் ஆண்டுக் கணக்குப்படி மாதம் கிட்டத்தட்ட 300 யூரோ உங்கள் பெயரில் பென்சனுக்குக் கட்டப்படும். அப்படி ஒரு வருடம் பார்த்தால் உங்கள் எதிர்கால மாதப் பென்சனில் ஏறத்தாழ 15.60 யூரோ கூடும். ஐந்து வருடம் பார்த்தால் 78 யூரோ அளவில் வரும். தரம் 2 என்றால் வருடத்துக்கு 10 யூரோவுக்குச் சற்றுக் குறைவு. முழுப் படுக்கையாகி தரம் 5 வந்தால் 36 யூரோ.

உங்கள் 1,800 யூரோ சம்பளமும் வருடத்துக்கு ஏறத்தாழ 17 யூரோ பென்சனைச் சேர்க்கிறது. வேலையை விட்டால் அந்த 17 போய்விடும். பராமரிப்புக்கான 15 யூரோ வேலையை விட்டாலும் வரும், விடாவிட்டாலும் வரும். விடுவதால் அது ஒரு சதம்கூட அதிகமாகாது. வீட்டில் பேசும்போது இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி மேசையில் வையுங்கள்.

இந்தத் தொகைகளை நான் பெரிதென்று சொல்ல மாட்டேன். 1992இலோ அதற்குப் பிறகோ பிறந்த பிள்ளையை வளர்த்ததற்கு ஜேர்மன் அரசு மூன்று வருடத்துக்கு, வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு முழுப் பென்சன் புள்ளி (பென்சனைக் கணக்கிடும் அலகு) தருகிறது. 2025 ஜூலை மதிப்பில் ஒரு புள்ளி மாதம் 40.79 யூரோ. படுக்கையில் கிடப்பவரை இரவு பகலாகப் பார்த்தாலும் அந்த ஒரு புள்ளி முழுதாக வராது. பிள்ளை நாளைக்குப் பென்சன் பணம் கட்டும் என்று நினைக்கிறார்கள் போலும்.

அடுத்ததுதான் நம் குடும்பங்களில் அதிகம் கோட்டை விடுகிற இடம். பராமரிப்புத் தரத்துக்கான விண்ணப்பத்தோடு, பராமரிப்பவர் யார், கிழமைக்கு எத்தனை மணித்தியாலம், எத்தனை நாள், வேறு வேலை எவ்வளவு என்று கேட்டு ஒரு படிவம் வரும். ‘அம்மாவைப் பார்ப்பது மகன்’ என்று கணவரின் பெயரை எழுதிக் கையொப்பமும் வைத்து அனுப்பிவிடுவார்கள். அவருக்கு முழுநேர வேலை, 30 மணித்தியாலத்துக்கு மேல். அதனால் அவர் பெயரில் ஒன்றும் கட்டமாட்டார்கள். உண்மையில் பார்க்கிற மருமகளின் பெயர் படிவத்தில் இல்லாததால் அவளுக்கும் இல்லை. உங்கள் வீட்டில் அந்த வரியில் உங்கள் பெயர்தான் வர வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, உண்மையைத்தான் எழுதுகிறீர்கள். இரண்டு பேர் பங்கிட்டுப் பார்த்தால் இருவரும் எழுதலாம். தொகை பங்காகப் பிரியும், ஆளுக்கு 10 மணித்தியாலமாவது இருக்க வேண்டும்.

விண்ணப்பத்தை இந்தக் கிழமையே போடுங்கள். பென்சன் பணம் விண்ணப்பித்த மாதத்திலிருந்துதான் கணக்கு, அதற்கு முன் பார்த்த மாதங்கள் போனது போனதுதான். மாமியின் மருத்துவக் காப்புறுதி எங்கே இருக்கிறதோ, அதன் பராமரிப்புப் பிரிவுக்கு (ஃப்ளேகேகாசா) ஒரு வரிக் கடிதம் போதும். ஒன்றை மட்டும் சரிபாருங்கள்: கடந்த பத்து வருடத்தில் இரண்டு வருடமாவது மாமி இந்தக் காப்புறுதியில் இருந்திருக்க வேண்டும். ஊரிலிருந்து அண்மையில் கூப்பிட்ட பெற்றோருக்கு இங்கேதான் தடை வரும்.

பிறகு மாமிக்கு எந்தத் தரம் என்று பார்க்க மதிப்பீட்டாளர் வீட்டுக்கு வருவார். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் மாமிமார் அன்றைக்கு நல்ல சீலையாகப் பார்த்து உடுத்திக்கொண்டு வந்து உட்காருவார்கள். ‘நீங்களே குளிப்பீங்களா?’ என்றால் ‘ஓம், ஓம்’. ‘மருந்து?’ ‘அதெல்லாம் நானே எடுப்பன்.’ வந்தவருக்குத் தேத்தண்ணி போட எழும்புவார்கள். மருமகள் மாமிக்கு எதிரே அதை மறுத்துப் பேசக் கூச்சப்பட்டுக்கொண்டு நிற்பாள். முந்தின இரவு இரண்டு மணிக்கு மாமி கதவைத் திறந்துகொண்டு படிக்கட்டில் நின்றதும், அடுப்பை அணைக்க மறந்ததும் அறிக்கையில் வராது. இப்படித்தான் தரம் 3 கிடைக்க வேண்டியவர்களுக்கு 1 கிடைக்கிறது. தரம் 1க்குப் பராமரிப்புப் பணமும் இல்லை, உங்கள் பென்சனும் இல்லை.

ஆகவே இரண்டு கிழமைக்கு ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள்: எத்தனை மணிக்கு எழுப்பினீர்கள், எதை எத்தனை தடவை நினைவூட்டினீர்கள், இரவில் என்ன நடந்தது. மதிப்பீட்டாளர் வரும்போது அதைக் கையில் கொடுங்கள். மாமிக்கு முன்னால் பேச மனமில்லை என்றால் தனியாக ஐந்து நிமிடம் கேளுங்கள், அது வழக்கமான விஷயம்தான். 2017க்குப் பிறகு மறதி நோயாளியின் அலைச்சலும் குழப்பமும் இந்த மதிப்பீட்டின் புள்ளிக் கணக்கில் முறையாகச் சேருகின்றன. 27 புள்ளியில் தரம் 2, 47.5இல் தரம் 3. முடிவு சரியில்லை என்றால் ஒரு மாதத்துக்குள் எழுத்தில் ஆட்சேபிக்கலாம்.

25 மணித்தியாலமும் தாங்காது என்றால், வேலையை விடுவதற்குப் பதிலாகக் குறைக்கக் கேளுங்கள். 25 பேருக்கு மேல் வேலை செய்யும் இடமென்றால், 24 மாதம் வரை கிழமைக்கு 15 மணித்தியாலமாகக் குறைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. எட்டுக் கிழமைக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அந்தக் காலத்தில் வேலையிலிருந்து நிறுத்துவது எளிதல்ல. சம்பளக் குறைவை ஈடுகட்ட வட்டியில்லாக் கடனும் உண்டு, ஆனால் கடன் கடன்தான். மாமிக்குத் திடீரென்று ஏதும் ஆனால், வருடத்துக்குப் பத்து வேலைநாள் லீவு எடுத்து, இழந்த சம்பளத்தில் பெரும்பகுதியைக் காப்புறுதியிடமே கேட்கலாம்.

மச்சாள் சொல்வதும் சரி. சுவிஸில் பணமாகக் கட்டுவதில்லை. கற்பனை வருமானம் ஒன்றைப் பென்சன் கணக்கில் பதிகிறார்கள். 2025இல் அது வருடத்துக்கு 45,360 பிராங். கணவரின் அல்லது மனைவியின் பெற்றோரைப் பார்ப்பதும் அதில் அடக்கம். நோயாளிக்கு இயலாமைக் கொடுப்பனவு இருக்க வேண்டும், பராமரிப்பவர் 30 கிலோமீற்றருக்குள் அல்லது ஒரு மணித்தியாலத்துக்குள் போய்ச் சேரும் தூரத்தில் இருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு வருடமும் தானே விண்ணப்பிக்க வேண்டும், ஒரு வருடத்துக்கு உரியதை ஐந்து வருடத்துக்குள் கேட்காவிட்டால் அந்த வருடக் கணக்கு அழிந்துவிடும். மச்சாள் போட்டிருக்கிறாளா என்று கேட்டுப் பாருங்கள். லண்டனில் வேறு கதை: கிழமைக்கு 35 மணித்தியாலம் பார்த்தால் 2025-26இல் 83.30 பவுண்ஸ், பென்சன் வரவும் தானாகச் சேரும். அந்த ஆண்டில் கிழமை வேலை வருமானம், கழிவுகள் போக, 196 பவுண்ஸைத் தாண்டினால் அந்தக் கிழமைப் பணம் முழுதும் போய்விடும். சுவீடனில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பெற்றோரைப் பார்க்கும் சட்டக் கடமையே இல்லை, அது நகராட்சியின் பொறுப்பு. ஜேர்மனியிலும் மருமகளுக்குச் சட்டக் கடமை கிடையாது. பிள்ளைகளிடம்கூட, வருட வருமானம் ஒரு லட்சம் யூரோவைத் தாண்டினால்தான் பெற்றோரின் பராமரிப்புச் செலவை அரசு கேட்கும். இது 2020இலிருந்து.

இன்னொரு விஷயம், வேறு வாசகர்களுக்கும் உதவும். முதலில் வந்த தலைமுறையில் பல ஆண்கள் இப்போது பென்சனில் இருந்துகொண்டு மனைவியைப் பார்க்கிறார்கள். உரிய வயதைத் தாண்டி முழுப் பென்சன் எடுப்பவருக்கு, பராமரிப்புக்காகக் கட்டப்படும் இந்தப் பென்சன் பணம் நின்றுவிடும். ஆனால் பென்சனை 99.99 சதவீதமாகக் கேட்டு எடுத்தால் தொடரும். இழப்பது சில சதங்கள், ஒவ்வொரு ஜூலையும் பென்சன் கொஞ்சம் ஏறும்.

தரம் கிடைத்த பிறகு, பராமரிப்புப் பணம் எடுப்பவர் வீட்டுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆலோசகரைக் கூப்பிட்டே ஆக வேண்டும். மறந்தால் பணத்தைக் குறைப்பார்கள். மாமியை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் சில மாதம் வைத்திருக்க எண்ணினாலும் முன்கூட்டி ஃப்ளேகேகாசாவுக்குச் சொல்லுங்கள். ஐரோப்பாவுக்கு வெளியே சில கிழமைக்கு மேல் தங்கினால் பணம் நிற்கும், அதோடு உங்கள் பென்சன் கட்டணமும் நிற்கும்.