‘கொ’ கதை எங்கே போச்சு, தம்பி?

தம்பி, பிஎச்.டி. விண்ணப்பத்துக்கு நீ எழுதிய சுயவிவரத்தை நேற்று ராத்திரி இரண்டு தடவை படித்தேன். “செயற்கை நுண்ணறிவில் தீராத ஆர்வம் கொண்டவன்” என்று ஆரம்பித்திருக்கிறாய். இதை யார் வேண்டுமானாலும் எழுதலாம், எடுத்துவிடு.

போன வாரம் மேலூரிலிருந்து பஸ் ஏறி வந்து என் எதிரில் உட்கார்ந்து சொன்னாயே, அது எங்கே? பழைய தமிழ்ப் புத்தகப் பக்கங்களைப் படிக்கிற உன் புரோகிராம் ‘கொ’வைச் சரியாகப் படித்தும் தப்பு தப்பு என்றே கணக்குக் காட்ட, இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் பிடிபட்டது, கம்ப்யூட்டரில் எழுத்துகளைப் பதிகிற பொது முறையான யூனிகோடில் அந்த எழுத்தைக் ககரத்தோடு ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டு குறியாகவும் பதியலாம், இரண்டையும் சேர்த்த ஒரே குறியாகவும் பதியலாம், நம் கண்ணுக்கு ஒன்றுதான், கம்ப்யூட்டருக்கு வேறு வேறு என்று. எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்ததும் கணக்கு நேராகிவிட்டது. அதை எழுது! சிக்கல் வந்தால் இந்தப் பையன் விட்டுவிட்டுப் போவானா, உட்கார்ந்து தோண்டுவானா என்றுதான் பேராசிரியர் பார்ப்பார், மார்க் ஷீட்டில் அது தெரியாது. இன்னும் எந்த எழுத்தில் தடுமாறுகிறது என்பதையும் மறைக்காமல் போடு, நேர்முகத்தில் எப்படியும் அங்கேதான் கை வைப்பார்கள்.

பொழுதுபோக்கு என்ற இடத்தில் “இசை, பயணம்” என்று இரண்டே சொல். ஞாயிற்றுக்கிழமையானால் அரிட்டாபட்டி மலைக்குப் போய், டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டைப் படம் எடுக்கிறவன் நீ. 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த ஊர் அது. எழுத்தைக் கூர்ந்து பார்க்கிற பழக்கம் உனக்கு அங்கேதான் வந்தது என்றால், ஆராய்ச்சிப் பத்தியையே அந்தப் பாறையிலிருந்து ஆரம்பி.

அப்பாவின் டீக்கடையை ஏன் எழுதாமல் விட்டாய்? வீட்டில் முதல் பட்டதாரி நீ, ஒரே வரியில் சொல். இரக்கம் கேட்கிற மாதிரியும் வேண்டாம், கூச்சமும் வேண்டாம்.

சரி, இன்னும் அஞ்சு வருசம் படிப்பா என்று அப்பா பயப்படுகிறார் இல்லையா? நெட் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் முதல் 2 ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. மேற்படிப்புச் சேர்க்கைக்கான ‘கேட்’ நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணும் 3 ஆண்டு செல்லும், இந்த முறை இடம் தவறினாலும் உடனே மறுபடி எழுத வேண்டியதில்லை. இதையெல்லாம் நீ சொன்னால் அரைகுறையாகத்தான் நம்புவார், ஒரு நாள் கடை அடைத்ததும் கூட்டிக்கொண்டு வா, நானே பேசுகிறேன். திருத்தியதை வியாழக்கிழமைக்குள் அனுப்பிவிடு.