மின்சாரம் நின்றாலும் மணி அடிக்க வேண்டும்

வீட்டுத் தொலைபேசி இணையவழிக்கு மாறுவது பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்

கேள்வி: கும்பகோணத்தில் எங்கள் பூர்விக வீட்டில் 78 வயதான என் தாயார் தனியாக இருக்கிறார். கைப்பேசித் திரை அவருக்குப் பிடிபடவில்லை. செப்புக் கம்பியில் வரும் லேண்ட்லைன்தான் அவருக்குத் துணை. அந்தக் கம்பியை எடுத்துவிட்டு ஃபைபர் இணைப்பில் அதே தொலைபேசியைப் பொருத்தித் தருவதாக லைன்மேன் சொல்கிறார். மாறலாமா?
- வாசகி, கோயம்புத்தூர்

பதில்: மாறலாம் அம்மா. ஆனால், லைன்மேன் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே மின்சாரத்துக்கு ஓர் ஏற்பாடு செய்துவிட வேண்டும்.

செப்புக் கம்பியில் உங்கள் தாயாரின் குரல் மட்டும் போய் வரவில்லை. தொலைபேசி நிலையத்தில் வரிசையாக வைத்திருக்கும் பேட்டரிகளிலிருந்து 48 வோல்ட் நேர்மின்சாரமும் அதே இரண்டு கம்பிகளில் வீடு வரை வருகிறது. ரிசீவரை எடுத்ததும் டயல் டோன் கேட்பதும், பேச்சு போவதும், மணி அடிப்பதும் நிலையம் அனுப்பும் மின்சாரத்தால்தான். ஊரே இருட்டில் கிடந்தபோதும் லேண்ட்லைன் வேலை செய்ததற்குக் காரணம் இதுவே. ஃபைபர் என்பது கண்ணாடி இழை. அதில் வருவது ஒளி. அதன் வழியே மின்சாரம் வராது. சுவரில் மாட்டப்படும் பெட்டி, அதாவது பலரும் மோடம் என்று சொல்லும் ஓ.என்.டி., அந்த ஒளியில் வரும் தகவலைக் குரலாக மாற்றித் தன் பின்புறத்துத் தொலைபேசித் துளைக்கு அனுப்புகிறது. டயல் டோன் தருவதும் மணியை அடிக்க வைப்பதும் இனி அந்தப் பெட்டியின் வேலை. அது வீட்டு மின்சாரத்தில் இயங்குவதால், மின்சாரம் நின்ற கணமே தொலைபேசியும் நின்றுவிடும். பராமரிப்புப் பணிக்காகக் காலையில் நிறுத்திய மின்சாரம் மாலையில்தான் வரும் நாட்களை நினைத்துப் பாருங்கள். தனியாக இருக்கும் மூதாட்டி அந்த நேரம் முழுவதும் யாரையும் கூப்பிட முடியாமல் இருப்பதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது என்பதால் மட்டும் கவலை தீர்ந்துவிடாது. பல வீடுகளில் சில விளக்குகளும் மின்விசிறிகளும் ஒன்றிரண்டு பிளக் பாயின்ட்டுகளும்தான் இன்வெர்ட்டரோடு சேர்க்கப்பட்டிருக்கும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, எந்த பாயின்ட்டில் மின்சாரம் நிற்கவில்லை என்று பார்த்து, அதற்குப் பக்கத்தில் பெட்டியை மாட்டச் சொல்லுங்கள். பொருத்த வருபவர்கள் இழை வீட்டுக்குள் நுழையும் இடத்துக்கு அருகிலேயே, வாசல் பக்கமாக மாட்டிவிட்டுப் போவது வழக்கம். இழையை இன்னும் சில மீட்டர் உள்ளே இழுப்பது அன்றைக்கு எளிது, பிறகு கேட்டால் தனி வேலையாகிவிடும். இன்வெர்ட்டர் இல்லையென்றால், மோடத்துக்கென்றே விற்கப்படும் சிறிய யு.பி.எஸ். போதும். பெட்டியோடு வரும் அடாப்டரில் வோல்ட்டும் ஆம்பியரும் அச்சிடப்பட்டிருக்கும். பெரும்பாலும் 12 வோல்ட், 1 முதல் 2 ஆம்பியர் வரை இருக்கும். அதற்குப் பொருந்துவதைத்தான் வாங்க வேண்டும். பேட்டரி நாளடைவில் பலவீனமாகிவிடும் என்பதால், நீங்கள் ஊருக்குப் போகும்போதெல்லாம் மின்சாரத்தை நிறுத்தி, அது எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

வீட்டில் எல்லாம் சரியாக இருந்தும் தொலைபேசி செயலிழக்க இன்னொரு காரணம் உண்டு. பெரும்பாலானோர் இதைக் கேட்பதே இல்லை. ஒரே இழையை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் தெருப் பெட்டிக்கு மின்சாரம் தேவையில்லை. ஆனால், அந்த இழையின் மறுமுனையிலிருந்து வீட்டுப் பெட்டிகளுக்கு ஒளியை அனுப்பும் ஓ.எல்.டி. என்ற கருவி மின்சாரமின்றி இயங்காது. அது தொலைபேசி நிலையத்துக்குள் இருந்தால் பேட்டரியும் ஜெனரேட்டரும் அதைக் காப்பாற்றும். பல ஊர்களில் கடைசிக் கட்ட இணைப்பை உள்ளூர் கேபிள்காரரே பங்குதாரராக நடத்துகிறார். அங்கே அந்தக் கருவி அவருடைய அறையில் இருக்கக்கூடும். “ஓ.எல்.டி. எங்கே இருக்கிறது, மின்சாரம் போனால் எத்தனை மணி நேரம் தாங்கும்?” என்று அவரிடமே கேட்டுவிடுங்கள். அவரால் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை என்றால், உங்கள் வீட்டில் எத்தனை பேட்டரி வைத்தும் பயன் குறைவு என்று பொருள்.

இதையெல்லாம் மீறிய நாட்களும் வரும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது டெல்டா மாவட்டங்களில் மின்கம்பங்கள் சாய்ந்து, பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. அத்தகைய நேரத்துக்குப் பொத்தான் வைத்த சாதாரணக் கைப்பேசி ஒன்றை, 108, 112 ஆகிய எண்களையும் உங்கள் எண்ணையும் ஒரே பொத்தானில் கூப்பிடும்படி பதிந்து, எப்போதும் சார்ஜ் செய்து, தொலைபேசிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் மாறச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஐப்பசி மழையில் கம்பி இணைப்புகளுக்குள் தண்ணீர் இறங்கி, பேச்சைவிட இரைச்சலே அதிகமாகக் கேட்பதும், மின்னல் வெட்டும்போது கம்பி வழியே பாய்ச்சல் வந்து கருவி கருகுவதும் ஃபைபரில் இல்லை. பழுதையும் ஓரளவு வீட்டிலிருந்தே கண்டுபிடிக்கலாம். பெட்டியில் எல்.ஓ.எஸ். என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை. இழை எங்கோ அறுந்திருக்கிறது அல்லது அளவுக்கு மீறி வளைந்திருக்கிறது. அம்மா தொலைபேசியில் சொல்ல முடியாத அந்த நேரத்தில் பக்கத்து வீட்டார் பார்த்துச் சொல்லலாம். எந்த விளக்கைப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குக் காட்டி வையுங்கள்.

கேள்வி: இணையவழிக்கு மாறினால் பழைய எண் போய்விடுமா? சொந்தபந்தம் எல்லோரிடமும் அந்த எண்தான் இருக்கிறது.
- வாசகர், விருதுநகர்

பதில்: அதே நிறுவனத்தில், அதே தொலைபேசி நிலைய எல்லைக்குள் கம்பியிலிருந்து ஃபைபருக்கு மாறினால் எண்ணை வைத்துக்கொள்ள வழியுண்டு, ஆனால், அதை விண்ணப்பத்திலேயே எழுதிக் கேட்டுப் பெற வேண்டும். வேறு நிறுவனத்துக்குப் போனால் புதிய எண்தான் கிடைக்கும். கைப்பேசி எண்ணை நிறுவனம் விட்டு நிறுவனம் கொண்டுபோவதுபோல் வீட்டுத் தொலைபேசி எண்ணைக் கொண்டுபோகும் வசதி நம் நாட்டில் நடைமுறையில் இல்லை. எந்த நிலையிலும், புதிய இணைப்பில் அழைப்பு வந்து போவதை உறுதி செய்யும் வரை பழைய இணைப்பை ஒப்படைத்துவிடாதீர்கள். ஒப்படைத்துவிட்டால் எண் கைவிட்டுப் போய்விடும்.

கேள்வி: தாத்தா காலத்து வட்டு டயல் தொலைபேசியை இன்றும் பயன்படுத்துகிறோம்; மாடியில் ஓர் எக்ஸ்டென்ஷனும் உண்டு. இவை புதிய பெட்டியில் வேலை செய்யுமா?
- வாசகர், காரைக்குடி

பதில்: அழைப்பு வந்தால் மணி அடிக்கும், எடுத்துப் பேசவும் முடியும். கூப்பிடுவதில்தான் சிக்கல். வட்டைச் சுழற்றி விடும்போது அது திரும்பி வரும் வழியில், அந்த எண்ணுக்கு ஏற்றபடி மின்சாரத்தைத் துண்டித்துத் துண்டித்துக் காட்டுகிறது. 3 என்றால் மூன்று முறை, 0 என்றால் பத்து முறை. பழைய நிலையங்கள் அந்தத் துண்டிப்புகளை எண்ணித்தான் எண்ணைப் புரிந்துகொண்டன. புதிய பெட்டிகளில் பல, பொத்தானை அழுத்தும்போது எழும் இரட்டை ஒலியை மட்டுமே புரிந்துகொள்கின்றன. பொருத்த வருபவர் முன்னிலையிலேயே டயல் செய்து பாருங்கள். எண் போகவில்லை என்றால், வட்டுத் தொலைபேசியை வரும் அழைப்புக்கு வைத்துக்கொண்டு, கூப்பிடுவதற்குப் பொத்தான் தொலைபேசி ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். பொத்தான் தொலைபேசியின் அடியில் சிறிய சுவிட்ச் இருந்தால், அது ‘டி’ (டோன்) பக்கம் இருக்க வேண்டும். ‘பி’ (பல்ஸ்) பக்கம் இருந்தால் வட்டுத் தொலைபேசிபோலவே நடந்துகொள்ளும்.

மாடி எக்ஸ்டென்ஷனுக்குச் சுவருக்குள் ஓடும் பழைய கம்பியையே பயன்படுத்தலாம். ஆனால், தெருவிலிருந்து வரும் கம்பியை அதிலிருந்து முதலில் பிரித்துவிட வேண்டும். பிரிக்காமல் இணைத்தால், வெளியிலிருந்து வரும் 48 வோல்ட்டும் பெட்டி தரும் மின்சாரமும் ஒரே கம்பியில் மோதிப் பெட்டி பழுதாகும். இந்தப் பெட்டிகளின் மணி அடிக்கும் திறனும் குறைவு. உலோக மணி வைத்த பழைய கருவிகள் மூன்று நான்கைச் சேர்த்தால் ஒன்றுகூடச் சரியாக அடிக்காமல் போகலாம். கார்ட்லெஸ் தொலைபேசி வைத்திருப்பவர்கள், மோடத்தை இன்வெர்ட்டரில் சேர்த்துவிட்டு, கார்ட்லெஸின் அடிப்பெட்டியைச் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். அதற்கும் மின்சாரம் வேண்டும்.

கேள்வி: பிள்ளைகள் படம் பார்க்கும் நேரத்தில் அழைப்பு விட்டு விட்டுக் கேட்கிறது. வேகம் கூடிய திட்டத்துக்கு மாற வேண்டுமா?
- வாசகி, தாம்பரம்

பதில்: வேகத்துக்குப் பணம் கட்டும் முன், எந்த வகை அழைப்பு அறுபடுகிறது என்று பாருங்கள். ஓர் அழைப்புக்கு நொடிக்கு 100 கிலோபிட் அளவே போதும். இன்றைய மிகச் சிறிய திட்டத்தில்கூட அது ஒரு சிறு பங்குதான். பேச்சைக் கெடுப்பது தாமதமும் தகவல் சீராக வராததும்தான். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக 150 மில்லிநொடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும். அதற்கு மேல் கூடக்கூட இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள்.

பெட்டியின் தொலைபேசித் துளையில் நேரடியாகச் செருகிய கருவிக்கு இந்தத் தொல்லை பொதுவாக வருவதில்லை. நிறுவனங்கள் குரலுக்குத் தனிப்பாதை ஒதுக்கி, மற்ற தகவல்களுக்கு முன்னால் அனுப்புகின்றன. உங்களுடையது பெரும்பாலும் வைஃபை வழியாகக் கைப்பேசியில் பேசும் அழைப்பாக இருக்க வேண்டும். நம் நாட்டில் 2019 டிசம்பரில் தொடங்கிய வைஃபை காலிங் வசதியும் வாட்ஸ்அப் அழைப்பும் அந்த வகையே. பெட்டியை அலமாரிக்குள்ளிருந்து வெளியே எடுத்து வைப்பது, தொலைக்காட்சியைக் கேபிள் வழியாக இணைப்பது, கைப்பேசியை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றுவது ஆகியவற்றை முதலில் செய்து பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் இருப்பதால் வீட்டுத் தொலைபேசியே வேண்டாம் என்று சிலர் எடுத்துவிடுகிறார்கள். வாட்ஸ்அப்பிலிருந்து 108-ஐயோ 112-ஐயோ அழைக்க முடியாது. வயதானவர்களும் குழந்தைகளும் இருக்கும் வீட்டில் இந்த ஒரு காரணத்துக்காகவே எண்ணோடு கூடிய ஓர் இணைப்பு இருக்க வேண்டும் என்பேன்.

கேள்வி: லண்டனில் தனியாக வசிக்கும் என் அத்தை, விழுந்துவிட்டால் அழுத்துவதற்காகக் கழுத்தில் ஒரு பொத்தான் பதக்கம் அணிந்திருக்கிறார். அங்கும் பழைய தொலைபேசி இணைப்புகளை நிறுத்தப் போகிறார்களாமே?
- வாசகர், சென்னை

பதில்: உண்மைதான். பிரிட்டனில் 2025 இறுதிக்குள் பழைய இணைப்புகளை நிறுத்துவதாக இருந்து, பிறகு 2027 ஜனவரி இறுதிவரை தள்ளி வைத்தார்கள். தள்ளிப்போனதற்கு உங்கள் அத்தையைப் போன்றவர்களே முக்கியக் காரணம். பதக்கத்தின் அழைப்பை வாங்கும் பெட்டி பழைய தொலைபேசி இணைப்பை நம்பிச் செய்யப்பட்டது. புதிய இணைப்பில் சில பெட்டிகள் மறுமுனையோடு பேசாமல் போய்விடுகின்றன. அவசர அழைப்புக்கு லேண்ட்லைனையே நம்பியிருப்பவர்களுக்கு, மின்சாரம் நின்ற பிறகு குறைந்தது 1 மணி நேரம் தாங்கும் மாற்று ஏற்பாட்டை நிறுவனம் இலவசமாகத் தர வேண்டும் என்று அங்குள்ள ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் வகுத்திருக்கிறது. அத்தை தாமாகவே தொலைபேசி நிறுவனத்தை அழைத்து, பதக்கம் அணிந்திருப்பதையும் தனியாக இருப்பதையும் சொல்லிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதக்கச் சேவை தருபவர்களிடமும் அந்தப் பெட்டி இணையவழி இணைப்பில் வேலை செய்யுமா, மாற்றித் தருவார்களா என்று கேட்க வேண்டும். இணைப்பு மாறிய அன்றே பொத்தானை அழுத்தி, மறுமுனையில் ஆள் பேசுகிறாரா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிறகு மின்சாரத்தை நிறுத்திவிட்டு இன்னொரு முறையும் அழுத்திப் பார்க்கட்டும்.